சிட்டுவின் அம்மாவுக்கு முகமில்லை

அணுபுரம்
12.6.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

பரிமளா எழுதுகிறேன். நானும் அவரும் சௌக்கியம். கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை, அது ஒன்றுதான் குறை. அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? பொகாரோவிலும் இப்படித்தான் காய்கிறதா?

நீ அனுப்பி வைத்த கதை வந்தது. சென்னையிலிருந்து பதிப்பாளர் ஹரிகிருஷ்ணன் சாரும் கார்டு போட்டிருந்தார். பதினாறு பக்கம், முழுக்கக் கலர், பொங்கலுக்குள் படம் வேண்டுமாம். இத்தனை நாள் வாரப் பத்திரிகையில் மூலைக்கு மூலை படம் போட்டவளுக்கு இதுதான் முதல் முழுப் புத்தகம். என்னைச் சிபாரிசு செய்ததற்கு உனக்கு ஒரு கிலோ அல்வா கடன்.

கதையும் பிடித்திருக்கிறது. எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே ஒளிகிறாள் சிட்டு. 'அரிசி டிரம்மில் இல்லை, கதவுக்குப் பின்னால் இல்லை' என்று அம்மா பக்கத்துக்குப் பக்கம் தேடுகிறாள். கடைசியில் டிரங்குப் பெட்டிக்குள் கிடைக்கிறாள். மூச்சு முட்டாமலிருக்க மூடியிடுக்கில் ஒரு கரண்டியைச் செருகியிருக்கிறாளாம் பொல்லாத குட்டி. அந்த வரியில் என் பென்சில் நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யார் எழுதியது? 'பேர் போட வேண்டாமாம், உங்கள் அண்ணனைக் கேளுங்கள்' என்கிறார் ஹரிகிருஷ்ணன் சார். புத்தகத்தில் பேர் வேண்டாம் என்கிற எழுத்தாளரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணால் பார்க்காததை என் கை வரையாது, உனக்குத்தான் தெரியுமே. அந்த வீடு எப்படி இருந்தது என்று எழுதியவரையே கேட்க வேண்டும். விலாசம் அனுப்பு.

அண்ணிக்கு என் அன்பு.
பரிமளா

---

பொகாரோ
1.7.1996

அன்புத் தங்கை பரிமளாவுக்கு,

அரவிந்தன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அண்ணி தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். சம்பத் மாப்பிள்ளைக்கு நைட் ஷிஃப்ட் குறைந்ததா? வெயிலில் அலையாதே. மோர் குடி.

எழுதியவர் இங்கே எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் இருக்கும் ஒரு தமிழ் அம்மாள். வயதானவர், கூச்ச சுபாவம். விலாசமெல்லாம் எதற்கு? படங்களை எனக்கு அனுப்பு. நான் காட்டி, அவர் சொல்வதை எழுதுகிறேன். கரண்டி செருகுவதெல்லாம் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். அதில் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்

---

அணுபுரம்
24.7.1996

அண்ணனுக்கு வணக்கம்.

இங்கே மழை இல்லை, தண்ணீர் லாரி உண்டு, நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது.

ரஃப் படங்கள் இத்துடன். தாளை மடித்து வெட்டிக் கையளவு டம்மிப் புத்தகம் ஒன்று செய்து, எந்தப் பக்கத்தில் சிட்டு எங்கே என்று முதலில் பிரித்துக்கொண்டேன். அடுத்த பிளாக் ஜெஸ்ஸிக்கு ஏழு வயது, அவள்தான் சிட்டு. நாலு கமர்கட்டுக்கு எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் உட்கார்ந்தாள். ஐந்தாவதுக்கு வெளியே வர மாட்டேன் என்று விட்டாள். சுவருக்காக சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கம் போய், பழைய வீடொன்றின் காரை பெயர்ந்த அடுக்களையை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். மீன் காயப்போட வந்த பொம்பிளை, 'இன்னாம்மா, கோட்டைய வுட்டுட்டு வந்து இந்தக் கரிச் சொவத்தப் போட்டுகினு கீற?' என்று சிரித்தாள்.

அடுப்புக்கு இடப்பக்கம் ஜன்னல் வைத்திருக்கிறேன். சிட்டு வலது கையால் கதவைத் தள்ளுகிறாள். அரிசி டிரம்முக்குத் தகர மூடி. கரண்டி, மரக்கரண்டி. அம்மா பதினைந்து பக்கத்திலும் முதுகைக் காட்டியபடி தேடுகிறாள். பதினாறாவது பக்கத்தில்தான் திரும்ப வேண்டும், அதை இன்னும் தொடவில்லை. உன் அம்மாளிடம் காட்டி, தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லச் சொல்.

பரிமளா

---

பொகாரோ
27.8.1996

பரிமளாவுக்கு ஆசிகள்.

நலமாக இருக்கிறோம். பதில் தாமதம், ஆபீசில் ஆடிட். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அம்மாள் படங்களைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். ஜெஸ்ஸி முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இருந்தார். சில திருத்தங்கள், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஜன்னல் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும், அதில் நடுக்கம்பி வளைந்திருக்கும். டிரம்முக்கு மூடி கிடையாது, முறத்தைக் கவிழ்த்திருப்பார்கள். சிட்டு எதையும் இடது கையால்தான் தள்ளுவாள், இடது கையால்தான் சாப்பிட வருவாள், அதற்கு அடியும் வாங்குவாள். கரண்டி மரம் இல்லை, மாவு ஊற்றும் குழிக்கரண்டி. மற்றபடி எல்லாம் அருமை.

திருத்தி மறுபடியும் எனக்கே அனுப்பு.
அண்ணன்

---

அணுபுரம்
4.9.1996

அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜன்னலை நான் வேண்டுமென்றேதான் இடம் மாற்றினேன். டிரம்முக்கு மூடி போட்டதும், கரண்டியை மரமாக்கியதும், சிட்டுவை வலது கைக்காரி ஆக்கியதும் அப்படியே. கதையைத் திரும்பப் படி. அதில் ஜன்னலே கிடையாது. எந்தக் கை என்றும் இல்லை. அம்மாள் சொன்ன ஜன்னல், செங்கல்பட்டு ரயில்வே கேட் பக்கத்தில் நாம் குடியிருந்த வீட்டு அடுக்களை ஜன்னல். வளைந்த கம்பி வழியாகத்தான் பூனை வரும். இடது கையால் சோற்றைத் தொட்டு அடி வாங்கியவள் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

பொகாரோவில் இருக்கும் ஒரு அம்மாளுக்கு நம் வீட்டு முறம் எப்படித் தெரியும்? நீ நம் கதையையெல்லாம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாயா?

இன்னொன்று. குழிக்கரண்டி வரை குறை சொன்னவருக்கு, பதினைந்து பக்கத்தில் ஒரு பக்கத்திலாவது தாய்க்கு முகம் இல்லையே என்பது மட்டும் ஏன் உறுத்தவில்லை? ஜெஸ்ஸி முதல் பார்வையிலேயே கேட்டுவிட்டாள், 'ஏன் ஆன்ட்டி, அவங்கம்மா மூஞ்சி எங்க?' என்று.

திருத்திய ரஃப்களைத் தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காகப் பதில் எழுது.

பரிமளா

---

பொகாரோ
14.10.1996

பரிமளா,

சுகம்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

சரி, மறைத்தது போதும். கதையை எழுதியது நான்தான். இரும்பாலை குமாஸ்தா குழந்தைக் கதை எழுதுகிறான் என்றால் சிரிப்பாய் என்று ஒரு அம்மாள் எழுதியதாகக் கதை கட்டிவிட்டேன். நம் வீட்டை நினைத்துத்தான் எழுதினேன், அதனால்தான் ஜன்னல், முறம் எல்லாம். இதோடு விட்டுவிடு. படத்தை முடி. அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

---

அணுபுரம்
21.10.1996

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கிறாய். இல்லை. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் லீவு போட்டுச் சமைக்கிறார்.

நீ எழுதவில்லை. டிரங்குப் பெட்டியில் நான் ஒளிந்தது, நீ ஸ்கூலிலும் அப்பா ஸ்டேஷன் புக்கிங் ஆபீசிலும் இருந்த பகல்களில். அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். குழிக்கரண்டியைப் பார்த்த கண் இந்த உலகத்தில் ஒன்றுதான். நம் அம்மா பார்வதத்தின் கண்.

நான் அனுப்பிய இரண்டாவது ரஃப் கட்டு உனக்குத் திரும்பி வரவில்லையே என்று தேடுகிறாயா? எனக்கு வந்துவிட்டது. கவரின் பின்னால் வழக்கம்போல என் விலாசத்தை எழுதியிருந்தேன். நீ அந்தக் கவரை அப்படியே யாருக்கோ அனுப்ப, அவர்கள் பின்பக்க விலாசத்தைப் பார்த்து எனக்கே திருப்பிவிட்டார்கள். படங்களில் பென்சிலால் பெருக்கல் குறிகள். பென்சிலை முஷ்டிக்குள் பிடித்து அழுத்திப் போட்டது போல, தாள் கிழிந்திருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் முத்திரை திருமணி. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

போனேன். போஸ்ட் ஆபீசில் இருந்தவரிடம் கவரைக் காட்டினேன். 'இதுவாம்மா? சாராள் சிஸ்டர் கொண்டாந்து போட்டது. காலனில கீற பார்வதம்மாவுது. அதுக்குத்தான் பொகாரோலேர்ந்து மாசா மாசம் லெட்டர் வந்துகினு கீதே' என்றார். எந்தக் காலனி என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற திசையைக் கை காட்டினார். கேட் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வரும் வழியெல்லாம் ஒன்றுதான் மனதில் ஓடியது. போன தை அமாவாசைக்கு மகாபலிபுரம் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தாய். ஐயர் 'அம்மா பேரு?' என்று கேட்டார். நீ 'அப்பாவுக்கு மட்டும் போதும்' என்றாய். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அம்மாவுக்கென்று நீ ஒரு எள் இறைத்து நான் பார்த்ததில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு எள் இறைக்க மாட்டார்கள், அண்ணா.

எனக்கு ஆறு வயதில், ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்றீர்கள். எந்தத் திதியில் செத்தாள்? ஒரே ஒரு வரி எழுது.

பரிமளா

---

பொகாரோ
9.12.1996

பரிமளா,

ஆறு வாரமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அம்மா இருக்கிறாள்.

உனக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவள் முதுகில் தேமல் போலிருந்தது, பிறகு விரல்களில் உணர்ச்சி போயிற்று. அடுப்பில் விரல் வெந்ததே தெரியாமல் நின்றாள். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னான். அப்பாவும் நானும்தான் அவளைத் திருமணியில் கொண்டுபோய் விட்டோம். கேட்டருகே அவள் அப்பாவிடம் சொன்னாள், 'எனக்கு இதுன்னு தெரிஞ்சா என் பொண்ண எவனும் கட்டமாட்டான். செத்துட்டேன்னு சொல்லிடு.' என் தலையில் கை வைக்க வந்தவள் கையை இழுத்துக்கொண்டாள். என்னிடம் சத்தியம் வாங்கினார் அப்பா. வீட்டுக்கு வந்து போட்டோக்களைக் கொளுத்தினார். அப்பா போன பிறகு நான் தேடிப் போனேன். வருஷா வருஷம் போகிறேன். உன் கல்யாணப் போட்டோ அவளிடம் இருக்கிறது.

மாத்திரையிலேயே நோய் எப்போதோ குணமாகிவிட்டது. மடங்கிய விரல்கள் மட்டும் மடங்கியபடியேதான். காலனிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். போன முறை அதில் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டேன். நீ வரைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. உனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயமும் எனக்கு இருந்தது. திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அரவிந்தன்

---

அணுபுரம்
23.12.1996

அண்ணா,

திட்டச் சொல்கிறாய். மாதம் இரண்டு முறை செங்கல்பட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவள் நான். திருமணி பஸ் என் கண் முன்னால் எத்தனை தடவை போயிருக்கும்? இருபத்திரண்டு வருஷம் அவளைச் சாகடித்து வைத்திருந்தீர்களே, பாவிகளா.

என் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயந்தாயே, கேட்டுக்கொள். அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, 'இதுக்கா இத்தினி வருஷம் ஒளிச்சி வச்சாரு உங்கண்ணாத்த? கெளம்பு, நானே கூட்டிகினு போறேன்' என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட் வரை போனோம். அவர் பெட்டிக்கடையில் நின்றார். நான் உள்ளே போகவில்லை. எனக்கு நோய்க்குப் பயம் இல்லை. என்னை வேண்டாம் என்று ஒளிந்தவள், பார்த்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குத்தான் பயம்.

ஹரிகிருஷ்ணன் சார் முகம் கேட்கிறார். தாய் முகம் இல்லாமல் குழந்தைப் புத்தகம் போட மாட்டாராம். பிப்ரவரி கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். எனக்கு அவள் முகம் ஞாபகம் இல்லை. முதுகும் புடவைத் தலைப்பும்தான் ஞாபகம். இதை அவளிடம் நீயே எழுதிச் சொல். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லாமல் விட்டவன் நீ, இதையாவது சொல்.

பரிமளா

---

திருமணி
12.1.1997

பரிமளாவுக்கு,

நல்லா கீறியா? நான் நல்லா கீறேன். சாராள் சிஸ்டர் கையால எழுதுறது. நான் பேசுறத அப்படியே எழுதுங்கன்னு சொல்லிக்கீறேன்.

ரெண்டு ஞாயித்துக்கெழம கேட்டாண்ட வந்து நின்னியாமே. மொத தபா நானும் ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். பச்சப் பொடவ. ஒல்லியா கீற. ஒழுங்கா துன்றியா இல்லியா?

உங்கண்ணன் மேல கோவப்படாத. சொல்லச் சொன்னவ நானு. படம் போடச் சொல்லி நான் கேக்கல. வந்ததப் பாத்துட்டு வாயப் பொத்திகினு இருந்திருக்கணும். ஆனா ஜன்னல அப்படித் தப்பா போட்டா எப்படிச் சும்மா கெடக்கறது?

இப்ப மூஞ்சி வோணுமாமே. எனக்கு ஒண்ணு புரியல. நீ வர்றது என்னப் பாக்கவா, பொஸ்தகத்த முடிக்கவா? பாத்துட்டு ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சிக்குவ. அத நான் தாங்க மாட்டேன். வராத. பக்கத்து வூட்டுக்காரி யாராச்சும் மூஞ்சியப் பாத்துப் போட்டுக்கோ. பிள்ளைங்களுக்கு இன்னா தெரியப் போவுது.

உன் வூட்டுக்காரர் நல்லா இருக்கணும்.
பார்வதம்

---

அணுபுரம்
11.2.1997

அம்மாவுக்கு,

இந்த வார்த்தையை எழுதிப் பழக்கமில்லை, இரண்டு தாள் வீணாகிவிட்டது. நாங்கள் இருவரும் நலம். நான் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். அவரை வேண்டுமானால் கேட்டுக்கொள்.

வராதே என்று எழுதியும் இரண்டாம் தேதி ஞாயிறு வந்துவிட்டேன். நீ 'வந்துட்டியா' என்றாய். பார்க்க வந்தாயா, முடிக்க வந்தாயா என்று கேட்டிருந்தாயே. இரண்டுக்கும்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஐயோ பாவம் என்று நான் பார்க்கவில்லை. வரையும்போது அதற்கெல்லாம் நேரம் கிடையாது. மூக்கு எங்கே முடிகிறது, புருவம் எங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்த்தேன். ஒரு மணி நேரம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாய். ஆனால் கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாய். 'மூஞ்சிய மட்டும் போடு' என்றாய். டீ டம்ளரைக்கூட நான் திரும்பியிருந்தபோதுதான் எடுத்தாய். புறப்படும்போது தொட வந்தேன், சாராள் சிஸ்டரைக் கூப்பிட்டாய்.

பதினாறாம் பக்கத்து ரஃப் இத்துடன். அம்மா பெட்டியிலிருந்து சிட்டுவை இரண்டு கையாலும் தூக்குகிறாள். முகம் நீதான். கையை நீ காட்டவில்லை, அதனால் என் கையைப் பார்த்து வரைந்தேன். ஹரிகிருஷ்ணன் சாருக்கு முகம் பிடித்துவிட்டது. உனக்குச் சரியென்றால் கலர் ஏற்றி அனுப்பிவிடுவேன்.

சாராள் சிஸ்டருக்கு வணக்கம் சொல்.
பரிமளா

---

திருமணி
17.2.1997

கண்ணு பரிமளா,

நீயும் அந்தப் புள்ளையும் சொகமா இருக்கணும். இங்க ஒரு கொறையும் இல்ல. சாராள் சிஸ்டர் கண்ணாடிய மாட்டிகினு ரெடியா கீறாங்க.

படம் வந்துச்சி. மூஞ்சி சரியா கீது. இத்தினி வயசாச்சான்னு எனக்கே தெரியல, கண்ணாடி பாக்கறத வுட்டு ரொம்ப நாளாச்சி. காலனிப் பிள்ளைங்க பாத்துட்டு, 'ஐ, பார்வதம்மா'ன்னு சிரிச்சிதுங்க. அப்பால அந்தச் சின்னது ஒண்ணு, 'இது பார்வதம்மா கை இல்லியே, யாரு கையி?'ன்னு கேட்டுச்சி. நான் இன்னா பதில் சொல்றது?

கை தப்பு. வெரல எல்லாம் நீட்டமா போட்டுக்கீற. எனக்குக் கட்ட வெரல் உள்ளாற மடங்கிக்கும், மத்த நாலும் பாதிதான் நிமிரும். எடது கைல சுண்டு வெரல் இல்ல. அந்தக் கையால தூக்குனா புள்ளைய அப்படிப் புடிக்க முடியாது, அக்குளுக்கு அடியில மணிக்கட்டக் குடுத்துத்தான் தூக்கணும். நான் இங்க எத்தினி பிள்ளைங்களத் தூக்கிக்கீறேன், ஒண்ணு கூட வுழுந்ததில்ல. பொஸ்தகக்காரர் பிள்ளைங்க பயந்துக்கும்னு சொன்னா, இங்க வந்து பாக்கச் சொல்லு.

கலர் ஏத்தாத. ஞாயித்துக்கெழம வா. கையக் காட்றேன். எம்மா நேரம் ஆனாலும் சரி, நல்லா பாத்துப் போடு.

உன் அம்மா